இடது கீழ் மூலை

12 பிப்ரவரி 2024, திங்கள்

காலை 10.40-க்கு ஆணை கைக்கு வந்தது. மூவர் குழு. இயக்குநர் பேராசிரியர் வரதராஜுலு தலைவர். பதிவாளர் திருமதி அங்கயற்கண்ணி நிர்வாக உறுப்பினர். முதுநிலைத் தொழில்நுட்ப அலுவலர் குமரகுருபரன், அதாவது நான், தொழில்நுட்ப உறுப்பினர். ஆய்வு மாணவி திருமதி மெஹருன்னிசாவின் சோதனைக் கைத்திறன் குறித்து மார்ச் 14-ஆம் தேதி அறிக்கை தர வேண்டும். அவருடைய பதிவு மார்ச் 31-இல் முடிகிறது. கைத்திறன் போதாது என்று குழு சொன்னால் நீட்டிப்பு இல்லை. ஆறாண்டு உழைப்பு பட்டமின்றி முடியும். அவருக்கு வயது முப்பத்து நான்கு. பொள்ளாச்சியிலிருந்து தினமும் பேருந்தில் கோயம்புத்தூர் வந்து போகிறார்.

அவருக்கு வழிகாட்டியாக இருப்பவரே குழுத் தலைவராகவும் இருப்பது நிறுவன விதிக்கு முரண் என்று சுட்டிக்காட்டினேன். பேராசிரியர் சிரித்தார். இத்தனை சிறிய நிறுவனத்தில் ஆளுக்கு எங்கே போவது என்றார். குறித்துக்கொண்டேன்.

சிக்கல் இதுதான். எங்கள் நிறுவனத்தை வெளியுலகம் அறிந்தது 2009-இல் வெளியான ஒரு கட்டுரையால். ஒரு செடியிலிருந்து பிரித்த சேர்மத்தைக் கல்லீரல் உயிரணுக்களுக்குக் கொடுத்தால், இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் படிப்படியாகப் பெருகுகிறது என்பது அதன் சாரம். பேராசிரியர் மேடைகளில் அதைக் 'காவல் புரதம்' என்பார். மெஹருன்னிசா செய்தால் அது படிப்படியாகக் குறைகிறது. ஒவ்வொரு முறையும் குறைகிறது.

ஆய்வகப் பதிவேட்டில் நிகழ்ந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது நான் வகுத்த ஒழுங்கு. மற்றவற்றுக்கு இந்தக் குறிப்பேடு.

13 பிப்ரவரி, செவ்வாய்

பதிவாளர் வணிகவியல் படித்தவர். தமக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்ததன் படி:

"உயிரணுக்களை உடைத்தால் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த சாறு கிடைக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வார்த்த ஜெல்லின் மேல்விளிம்பில் பத்துக் குழிகள் இருக்கும். சாற்றைக் குழிகளில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதங்கள் விரைந்தும் பெரியவை மெதுவாகவும் கீழிறங்கிப் பிரியும். ஜெல் பாலாடை போன்றது, எளிதில் கிழியும். ஆகவே பிரிந்த புரதங்களை அப்படியே ஒரு வெள்ளைச் சவ்வுக்கு மாற்றுகிறோம். நாம் தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றுகிறோம். இருட்டறைக் கருவியில் அந்த இடம் மட்டும் கறுப்புப் பட்டையாகத் தெரியும். பட்டை தடித்திருந்தால் புரதம் அதிகம், மெலிந்திருந்தால் குறைவு.

"முதல் குழியிலும் பத்தாம் குழியிலும் அளவு தெரிந்த புரதக் கலவையை இடுகிறோம். அதற்கு மார்க்கர் என்று பெயர். நடுவே எட்டு மாதிரிகள்: மருந்து கொடுப்பதற்கு முன் எடுத்தது இரண்டாம் குழியில், இருபத்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்தது ஒன்பதாம் குழியில். இரு ஓரங்களிலும் மார்க்கர் இடுவது ஆய்வகக் கையேட்டின் விதி 4. ஜெல் சாயாமல் ஓடியதா என்று அறிய அது உதவும். தகடுகளைத் திறந்தவுடன் ஜெல்லில் முதல் குழிப் பக்கத்துக் கீழ் மூலையையும், சவ்வில் அதே மூலையையும் வெட்டுவது விதி 7. எந்தப் பக்கம் எது என்று பிறகு குழம்பாதிருக்க."

கையேட்டை எழுதியவன் நான் என்பதைக் குறிப்பிடவில்லை. தேவைப்படவில்லை.

இருட்டறைக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து திறப்பதில்லை. பராமரிப்புப் பிரிவுக்கு மூன்றாவது புகார்ச் சீட்டு அனுப்பினேன். யாரும் தனியே உள்ளே செல்லக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டினேன்.

15 பிப்ரவரி, வியாழன்

முதல் சோதனை, என் கண்காணிப்பில். மெஹருன்னிசா பேசாமல் வேலை செய்கிறார். குழியில் சாற்றை இறக்கும்போது கை நடுங்கவில்லை, குமிழி எழவில்லை. இந்த ஆய்வகத்தில் நான் பார்த்த கைகளில் இரண்டாவது சிறந்தது என்று சொல்லலாம்.

நான் பதிவேட்டில் எழுதுவதைப் பார்க்கலாமா என்று கேட்டார். சோதனைக்கு உட்பட்டவர் கண்காணிப்பாளரின் பதிவைப் பார்க்கக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். அது யார் போட்ட விதி என்று கேட்டார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

படம் எடுத்தோம். அவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். காவல் புரதம் குறைகிறது. "எதிர்ப்பொருள் பழையதாக இருக்கலாம்" என்று பதிவு செய்தேன். புதியது வாங்க விண்ணப்பம்.

22 பிப்ரவரி, வியாழன்

இரண்டாவது சோதனை, புதிய எதிர்ப்பொருளுடன்.

ஒரு விதிமீறல் நிகழ்ந்தது. கண்ணாடித் தகடுகளில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. திறக்கும்போது ஜெல் வழக்கமாக நெட்டைத் தகட்டில் தங்கும். இன்று குட்டைத் தகட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. மெஹருன்னிசா தகட்டை மேசைமேல் வைத்து ஜெல்லின் வலது கீழ் மூலையை வெட்டினார். நான் நிறுத்தினேன். விதி 7 தெளிவாகச் சொல்கிறது: குழிகள் எதிர்ப்புறம் இருக்க, இடது கீழ் மூலையை வெட்டுக.

"இது குட்டைத் தகட்டுல வந்திருக்குங்க சார். கவுந்து கெடக்குது. ஒண்ணாங் குழி இப்ப வலப்பக்கம்."

விதியில் அப்படியொரு விலக்கு இல்லை என்றேன்.

"விதியில இல்லீங்க சார். ஜெல்லுல இருக்குது."

பதிவேட்டில் எழுதினேன்: "விதி 7 மீறல். ஆய்வாளர் வலது மூலையை வெட்டினார்." நேரம், கையொப்பம்.

23 பிப்ரவரி, வெள்ளி

குறைகிறது.

மாலை வீட்டில் கூடத்தைச் சுத்தம் செய்தோம். 2009 கட்டுரையின் முதல் பக்கம் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. ஐந்து ஆசிரியர்களில் நான்காவது பெயர் என்னுடையது. தொழில்நுட்ப அலுவலர் ஒருவரின் பெயரைக் கட்டுரையில் சேர்த்தது எங்கள் நிறுவனத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதவி உயர்வும் இந்தக் குடியிருப்பும் அதே ஆண்டில் கிடைத்தன. என் மனைவி வத்சலா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இன்று என்ன நடந்தது என்று கேட்டாள். நேற்றைய மூலை விவகாரத்தைச் சொன்னேன். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடை சரியாக இருந்தும் வழிமுறை எழுதாத மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பவள். எங்களுக்குள் இதில் நெடுநாள் வழக்கு உண்டு.

"அந்தப் பொண்ணு ஜெல்லப் பாத்து வெட்டியிருக்கா. நீங்க எதப் பாத்தீங்க?"

"விதியை."

"அதானே," என்றாள். பிறகு சட்டம் மாட்டியிருந்த ஆணி ஆடுகிறது என்றாள்.

28 பிப்ரவரி, புதன்

தேசிய அறிவியல் நாள். பள்ளி மாணவர்கள் இருநூறு பேர் வந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஆறடிப் பதாகையில் 2009 கட்டுரையின் படம். எட்டுப் பட்டைகள், இடமிருந்து வலமாகத் தடித்துக்கொண்டே போகின்றன. பேராசிரியர் ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெறுகிறார். இது அவருடைய கடைசி அறிவியல் நாள் உரை. நன்றாகப் பேசினார். 'இந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த கைகள்' என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

தேநீர் வேளையில் பதிவாளர் பதாகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை மூன்று முறை படித்தாராம். ஒரு சந்தேகம் என்றார்.

"தோசையத் திருப்பிப் போட்டாக்கூட எது முதல் பக்கம்னு தெரிஞ்சிரும் சார், ஒண்ணு செவந்திருக்கும். இதுல ரெண்டு ஓரமும் ஒரே மார்க்கர்தான. யாராவது திருப்பிப் போட்டுட்டா எப்படித் தெரியும்?"

அதற்காகத்தான் மூலையை வெட்டுகிறோம் என்றேன்.

"மூலையவே மாத்தி வெட்டிட்டா?"

வெட்ட மாட்டோம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு வடையை எடுத்துக்கொண்டார்.

29 பிப்ரவரி, வியாழன்

காய்ச்சி வடித்த நீர்க் கருவியைச் சுத்தம் செய்தேன். துலாக்கோலை மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் சரியாகவே இருந்தது.

1 மார்ச், வெள்ளி

பழைய வேதிப்பொருள் ஒன்றின் தொகுதி எண்ணைத் தேடிப் பதிவேட்டு அறைக்குப் போனேன். தேடும்போது 2008-ஆம் ஆண்டுப் பதிவேடு கையில் வந்தது. நவம்பர் 14, பக்கம் 112. கட்டுரையின் படத்துக்கான மூன்று ஜெல்களையும் நான் ஒரே நாளில் ஓட்டிய நாள். மறுநாள் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். பதிவு என் கையெழுத்தில் இருக்கிறது. அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

"புதிய குட்டைத் தகடுகள் முதன்முறையாகப் பயன்பாட்டில். மூன்று ஜெல்களும் குட்டைத் தகட்டிலேயே ஒட்டி வந்தன. விதி 7-இன்படி இடது கீழ் மூலை வெட்டப்பட்டது."

தெளிவான பதிவு. தேதி, நேரம், கையொப்பம் அனைத்தும் இருக்கின்றன. பதிவேட்டை அதன் இடத்தில் வைத்தேன்.

மதிய உணவு தயிர்சோறு. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்ததாக வத்சலா சொல்கிறாள்.

தொகுதி எண் கிடைக்கவில்லை.

4 மார்ச், திங்கள்

மூன்றாவது சோதனை. தொடங்கும் முன் மெஹருன்னிசா ஒரு கோரிக்கை வைத்தார். இரண்டு ஓரங்களில் ஓர் ஓரத்து மார்க்கரை விட்டுவிடலாமா என்று கேட்டார். அப்போது எந்தப் பக்கம் முதல் என்பது தானே தெரிந்துவிடும், மூலையைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது.

விதி 4 இரு ஓரங்களிலும் என்கிறது என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக அவர் கைகளைத்தான் பார்த்து வேலை செய்வார். "2016-ல இங்க ஆராய்ச்சி பண்ணுன ஜோதிலிங்கம் அண்ணனுக்கும் இதே மாதிரி எறங்கித்தான் வந்துச்சாமே சார். அவர வீட்டுக்கு அனுப்புன அறிக்கையும் நீங்கதான் எழுதுனீங்கன்னு சொன்னாங்க."

ஆம் என்றேன். அவரிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

5 மார்ச், செவ்வாய்

குறைகிறது.

பேராசிரியரிடமிருந்து சுற்றறிக்கை: மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டி பழுதடைந்து வருவதால் புதியது வருகிறது. 2015-க்கு முற்பட்ட மாதிரிகள் அனைத்தையும் மார்ச் 15-க்குள் அழித்துவிட வேண்டும். நிர்வாக நோக்கில் நியாயமான ஆணை. அந்த உறைபெட்டியின் மூன்றாம் தட்டில், வெளியிடப்பட்ட கட்டுரையின் மாதிரிகளை இயக்குநரின் ஆணையின்றி அழிக்கக் கூடாது என்ற விதியின்படி, 2008 நவம்பர் மாதிரிகள் எட்டுக் குப்பிகளில் இருக்கின்றன. சாவி என்னிடம் இருக்கிறது.

6 மார்ச், புதன்

ஜோதிலிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய பழைய பதிவேடு ஒன்று எங்களிடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்கத்தான். திருப்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சோதிக்கிறாராம். முதலில் என் குரலை அடையாளம் தெரியவில்லை.

"பதிவேடு எதுக்குங்க சார். நீங்க குடுத்த அறிக்க இருக்குதே. 'கைத்திறன் போதாது, பொறுமை போதாது.' ரெண்டு போதாது. எங்கம்மா அதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, பொறுமை நெறையத்தானடா இருந்துச்சு உனக்குன்னாங்க."

நலமா என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன் சார். இங்க சாயத்தண்ணி சாயத்தண்ணியாத்தான் வரும். யாரும் வந்து உன் கை சரியில்லைன்னு சொல்றதில்ல."

பேசிய நேரம் மூன்று நிமிடம் இருபது விநாடி. நான் அழைத்த காரணத்தை அவர் நம்பவில்லை என்று தோன்றுகிறது.

9 மார்ச், சனி

விடுமுறை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. நீர்த்தொட்டி மிதவையைப் பார்க்க வேண்டியிருந்ததால் போனேன். அப்படியே எட்டுக் குப்பிகளையும் பனிக்கட்டிமேல் வைத்து மெல்ல இளக்கி ஒரு ஜெல் ஓட்டினேன். குப்பியில் பாதிச் சாறு மீதம் வைத்தேன். முதல் குழியில் மட்டும் மார்க்கர் இட்டேன். விதி 4 மீறல், என்னால். பதிவேட்டில் எழுதவில்லை. அதுவும் ஒரு மீறல்.

10 மார்ச், ஞாயிறு

படம் எடுக்க இருட்டறைக்குள் போனேன். கதவு காற்றில் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. கதவில் நான் ஒட்டிய அறிவிப்பின் வெளிப்பக்கம் யாருக்கும் தெரியும்படி இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு அதன் பின்புறம்கூடத் தெரியாது. கைப்பேசி மேசைமேல் வெளியே இருந்தது.

மணி 2.05. தட்டினேன். யாரும் இல்லாத கட்டடத்தில் தட்டுவது எத்தனை முறை பயனுள்ளது என்று தெரியவில்லை. முப்பதோடு நிறுத்தினேன். பிறகு வேறு வேலை இல்லாததால் படத்தை எடுத்தேன். திரையில் எட்டுப் பட்டைகள். இடப்பக்கம் மார்க்கர். அதிலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றும் மெலிந்துகொண்டே போயிற்று. கடைசிப் பட்டை இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பின் அந்த அறையில் பார்க்க வேறொன்றும் இல்லை. திரையை அணைத்தேன். அறை முழு இருட்டாயிற்று. மறுபடி போட்டேன். மறுபடி அணைத்தேன். நான்கு சுவர்களும் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தன. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த அறைக்குள் வந்து போகிறேன். இவ்வளவு சிறியது என்று கவனித்ததில்லை.

3.50-க்குத் தாழ்ப்பாள் அசைந்தது. மெஹருன்னிசா. உயிரணுக்களுக்கு ஊட்டநீர் மாற்ற ஞாயிறுகளிலும் வருவார் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறேன் என்று கேட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் என்றேன். அவர் என்னைத் தாண்டித் திரையைப் பார்த்தார்.

"இது யாரோட மாதிரி சார்?"

"2008."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. கணக்குப் போடுபவர் போல விரல்களை மடக்கினார்.

"ஆறு வருஷம் சார்," என்றார்.

தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தது அவர்தான். போகும்போது சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லீங்க. சொன்னா, பட்டம் போயிரும்னு கட்டுக்கதை கட்டுறா பாருன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் அது முடிவு."

12 மார்ச், செவ்வாய்

பேராசிரியரின் அறைக்குப் பக்கம் 112-இன் நகலோடும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தோடும் போனேன். முழுவதும் கேட்டார். இடைமறிக்கவில்லை. காபி வரவழைத்தார். 2009-இல் என் பெயரைச் சேர்க்க அவர் எத்தனை பேரோடு சண்டையிட்டார் என்பதை நினைவூட்டவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ எந்த மூலைய வெட்டுனேன்னு எனக்குத் தெரியாது, குமரா. இன்னிக்கும் தெரியாதுன்னே வச்சுக்கலாம்," என்றார். பிறகு, அந்தப் பெண்ணின் மனம் நோக எழுத வேண்டாம், 'உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை' என்று மட்டும் எழுதினால் போதும் என்றார். அப்படி எழுதினாலும் நீட்டிப்பு கிடைக்காதே என்றேன்.

"கெடைக்காது. ஆனா யார் மேலயும் கற இல்ல. வெள்ளிக்கிழம பழைய பொட்டியெல்லாம் போயிரும். எனக்கு ஏழு வாரம் இருக்கு. உனக்குப் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கு, குடியிருப்பு இருக்கு." காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் சொல்றது எல்லாம் விதிக்குள்ளதான இருக்கு?"

விதிக்குள்தான் இருந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாமே விதிக்குள் இருந்தன.

13 மார்ச், புதன்

இரண்டு அறிக்கைகள் எழுதினேன். ஒன்று ஒரு பக்கம், மற்றது ஏழு பக்கம். ஒரு பக்க அறிக்கையில் ஒரு பிழைகூட இல்லை.

ஆணி முழுவதும் கழன்றுவிட்டது. வத்சலா சட்டத்தைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருக்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாட்களாக ஒரே சட்டையை இருமுறை இஸ்திரி போடுகிறேன் என்று அவள் கவனித்திருக்கிறாள்.

"வேற ஆணி அடிக்கவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

நாளை சொல்கிறேன் என்றேன்.

14 மார்ச், வியாழன்

குழு 11 மணிக்குக் கூடியது. மெஹருன்னிசா வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். பேராசிரியர் அறிக்கையைக் கேட்டார். அதற்கு முன் ஒன்றைக் காட்ட அனுமதி வேண்டும் என்றேன்.

மெஹருன்னிசாவின் மூன்றாவது சோதனைப் படத்தை மேசைமேல் வைத்தேன். பதாகையில் இருந்த 2009 படத்தை அதே அளவில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் தாளில் அச்சிட்டு வந்திருந்தேன். அதை முதலில் அப்படியே அவர் படத்தின்மேல் வைத்தேன். கீழே இருந்தது இறங்கியது, மேலே இருந்தது ஏறியது. பிறகு தாளைத் திருப்பி வைத்தேன்.

எட்டுப் பட்டைகளும் எட்டுப் பட்டைகளின்மேல் உட்கார்ந்தன.

பதிவாளர் குனிந்து பார்த்தார். "தோசை," என்றார், மிக மெதுவாக.

பேராசிரியர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கம் 112-ஐ உரக்க வாசித்தேன். உறைபெட்டி மாதிரிகளில் சனிக்கிழமை நான் செய்த சோதனையையும் அதில் செய்த இரண்டு மீறல்களையும் சொன்னேன். குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. சொன்ன சொற்கள் நினைவிருக்கின்றன: "2008-இல் அந்த மூலையை வெட்டியவன் நான். அன்று நான் விதியை மீறியிருந்தால் படம் சரியாக வந்திருக்கும். 2016-இல் ஒருவருடைய கைத்திறன் போதாது என்று எழுதினேன். அதுவும் பிழை."

பதிவாளர் கண்காணிப்புப் பதிவேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "அப்ப பிப்ரவரி 22-ல அந்தம்மா விதி ஏழ மீறுனதா எழுதியிருக்கீங்களே. அது?"

பதிவேட்டை வாங்கினேன். பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. கீழே இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். அவ்வாறே செய்தேன். 'விதி 7 மீறல்' என்பது இப்போதும் படிக்கத் தெளிவாகவே இருக்கிறது.

பேராசிரியர் எழுந்து, "நீ ஒரு சொல் சொல்லிட்டு வந்திருக்கலாம், குமரா," என்றார். செவ்வாய்க்கிழமை சொன்னேன் என்று நான் சொல்லவில்லை.

மாலை வத்சலாவிடம் ஆணி வேண்டாம் என்றேன்.

18 மார்ச், திங்கள்

மெஹருன்னிசாவுக்கு ஆறு மாத நீட்டிப்பு. ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் உள்ளபடியே இருக்கும். பேராசிரியர் விடுப்பில் இருக்கிறார். 2009 கட்டுரையைத் திரும்பப் பெற இதழுக்கு எழுதும் கடிதத்தில் ஐவர் கையொப்பம் வேண்டும். இதுவரை ஒன்றுதான் இருக்கிறது. என்மீது விசாரணை தொடங்குகிறது. அது முடியும்வரை குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதில்லை, நிறுவன வளாகத்தை விட்டு அனுமதியின்றி வெளியூர் செல்லவும் கூடாது.

உறைபெட்டியிலிருந்து மற்ற பெட்டிகள் போய்விட்டன. எட்டுக் குப்பிகளைப் பதிவாளர் முத்திரையிட்டு வைத்திருக்கிறார்.

ஜோதிலிங்கத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். நான்கு வரி.

26 மார்ச், செவ்வாய்

தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அவருடைய கையொப்பம். வேறெதுவும் இல்லை. அட்டையில் வேறெதுவும் எழுத இடமும் இல்லை.

இருட்டறைத் தாழ்ப்பாள் குறித்து ஐந்தாவது சீட்டு.

27 மார்ச், புதன்

குப்பிகளில் ஒரு ஜெல்லுக்கு மட்டுமே சாறு எஞ்சியிருந்தது. இதழுக்கு அனுப்பும் சான்றுக்காக அதைச் சாட்சிகள் முன்னிலையில், 2008-இல் செய்த அதே முறையில், இரு ஓர மார்க்கருடன் நானே செய்ய வேண்டும் என்று பதிவாளர் ஆணையிட்டார். கண்காணித்துப் பதிவு செய்ய இந்தச் சோதனை தெரிந்தவர் ஒருவர் வேண்டும். நிறுவனத்தில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

மெஹருன்னிசா என் ஸ்டூலில், நான் வழக்கமாக அமரும் இடத்தில், பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதிவாளர் அவருக்குப் பின்னால். குழியில் சாற்றை இறக்கும்போது என் கை இரண்டு முறை நடுங்கியது. நான்காம் குழியில் ஒரு குமிழி. அவர் எழுதினார்.

11.50-க்குத் தகடுகளைத் திறந்தேன். ஜெல் குட்டைத் தகட்டில் ஒட்டி வந்தது. மேசைமேல் வைத்தேன். குழிகள் எதிர்ப்புறம். கத்தியை எடுத்தேன். கை தானாக இடது கீழ் மூலைக்குப் போயிற்று.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றியபடி காத்திருந்தார். சோதனைக்கு நடுவே கண்காணிப்பாளர் குறுக்கிடக் கூடாது என்பதும் கையேட்டில் இருக்கிறது.

கத்தியைக் கீழே வைத்தேன். தகட்டைப் பார்த்தேன், ஜெல்லைப் பார்த்தேன். பத்து, ஒன்பது, எட்டு என்று வலப்பக்கமாக விரலால் குழிகளை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்று வரும்வரை எண்ணினேன். பிறகு வலது கீழ் மூலையை வெட்டி, வெட்டியதைச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் எழுதினார். நான் சொன்னதைவிட நீளமாக எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. சோதனைக்கு உட்பட்டவர் அதைப் பார்க்கக் கூடாது.